பிறர் பொருளும் நம் சொற்களும்

நாம் உத்தியோகம் பார்க்கும் பள்ளிக்கூடத்தில் சென்ற மாதம் ஒரு விசாரணை நடந்தது. விசாரணை என்றால் பிரமாதமாக ஒன்றுமில்லை. தலைமை ஆசிரியர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நாம் பக்கத்தில் நின்றோம். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் எதிரே தரையைப் பார்த்தவண்ணம் நின்றான். பள்ளித் தோட்டத்திற்குச் செடி வாங்குவதற்கென்று மாணவர்கள் ஆளுக்குப் பத்து ரூபாயாகச் சேர்த்த பணம் 380 ரூபாய் அவனிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. செடி வாங்கப் புறப்படும் தினத்தில் எண்ணிப் பார்த்தால் 320 ரூபாய்தான் இருந்தது.

"அறுபது ரூபாயைத் திருடினாயா, இல்லையா?" என்று தலைமை ஆசிரியர் கேட்டார்.

"திருடவில்லை, சார். பணம் என்னிடந்தானே இருந்தது? கொஞ்சம் எடுத்துச் செலவு செய்துவிட்டேன். வைத்துவிடலாம் என்று இருந்தேன்" என்றான் பையன்.

தலைமை ஆசிரியர் நடத்தைப் பதிவேட்டை நம் பக்கம் தள்ளினார். "திருட்டு என்று எழுதுங்கள், ஐயா. இதற்கு வியாக்கியானம் வேறு வேண்டுமா?" என்றார்.

நாம் பேனாவைத் திறந்தோம், மறுபடியும் மூடினோம். அந்தப் பதிவேட்டில் ஒரு சொல் ஏறிவிட்டால், பையன் பள்ளியை விட்டுப் போகும் வரையில் அது அவனோடு வரும். இருபது வருஷமாகத் தமிழ் கற்பித்துச் சம்பளம் வாங்குகிற நமக்கு, அந்த ஒரு சொல்லைச் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டிய கடமையாவது இருக்க வேண்டாமா? "நாளைக்கு எழுதி வருகிறேன்" என்று சொல்லி வீட்டுக்கு வந்துவிட்டோம். அன்றிரவு அகராதிகளைப் புரட்டியதன் விளைவே இக்கட்டுரை.

பிறர் பொருளைத் தன் பொருளாக்கிக் கொள்வதற்குத் தமிழில் சொற்பஞ்சமே கிடையாது. களவு, திருட்டு, கொள்ளை, சூறை, வழிப்பறி, கையாடல், மோசடி, அபகரிப்பு, ஆக்கிரமிப்பு, கவர்தல், வௌவுதல், பறிமுதல், ஜப்தி, கபளீகரம் என்று எழுதிக்கொண்டே போகலாம். ஒரு மொழியில் ஒரு விஷயத்திற்கு இத்தனை சொற்கள் இருக்குமானால், அம்மொழி பேசுவோர் அவ்விஷயத்தில் எவ்வளவு அநுபவம் பெற்றவர்கள் என்று அந்நியர் யாராவது கேட்கக்கூடும். கேட்கட்டும். அவர்களுடைய சங்கதிக்குப் பின்னால் வருகிறோம்.

முதலில் களவு. 'கள்' என்னும் அடியிலிருந்து களவு, கள்வன், கள்ளம், கள்ளன் எல்லாம் பிறந்தன. இதன் உட்பொருள் மறைவு என்பதே. பொருளை எடுத்ததைவிட, மறைத்து எடுத்தான் என்பதையே பழந்தமிழர் பெரிதாக நினைத்தார்கள் போலும். அதனால்தான் பெற்றோர் அறியாமல் தலைவனும் தலைவியும் சந்திப்பதற்கும் களவு என்றே பெயர் வைத்தார்கள். தொல்காப்பியத்தில் களவியல் என்று ஓர் இயலே இருக்கிறது. முதல் முறை அந்தத் தலைப்பைக் கேட்ட பையன்கள் போலீஸ் சமாசாரம் என்று நிமிர்ந்து உட்காருவார்கள். சமாசாரம் வேறு என்று தெரிந்ததும் இன்னும் சற்று நிமிர்ந்து உட்காருவார்கள். ஐங்குறுநூற்றில் கள்வன் பத்து என்று ஒரு பகுதி உண்டு. அங்கே கள்வன் என்பது நண்டு! ஓடி வளைக்குள் மறைகிற அதன் குணத்தை எண்ணினால் பெயர் பொருத்தந்தான். திருஞானசம்பந்தரோ தம்முடைய முதற் பதிகத்திலேயே இறைவனைக் கள்வன் என்று அழைத்துவிடுகிறார். கண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. வெண்ணெய் திருடியவனுக்கு வருஷந்தோறும் நாமே வெண்ணெய் வாங்கி வைத்துப் பண்டிகை கொண்டாடுகிறோம்.

வடமொழியிலும் இந்த வேடிக்கை உண்டு. 'முஷ்' என்ற தாதுவுக்குத் திருடுதல் என்று பொருள். அதிலிருந்து வந்ததுதான் மூஷிகம். அதாவது பண்டம் திருடுகிற பிராணி. விக்கினங்களை நீக்குகிற பிள்ளையார் ஏறி உட்கார்ந்திருப்பது ஒரு திருடனின் முதுகில் என்பதை நாம் இதுவரை யோசித்ததில்லை.

கொள்ளை என்பது 'கொள்' என்பதிலிருந்து வந்தது. இதில் மறைவு இல்லை. பட்டப் பகலில், பலர் அறிய, பலத்தால் கொள்வது. பழைய காலத்தில் இதற்கு ஒரு கௌரவமும் இருந்தது. பகைவருடைய பசுக்கூட்டத்தைக் கவர்ந்து வருவது வீரர்களின் தொழில். அதற்கு வெட்சிப் பூச் சூடிப் போவார்கள். இழந்தவர்கள் மீட்கப் போனால் அது கரந்தை. மாட்டைப் பிடித்துப் போனவனுக்கும் புகழ்; மீட்கப் போய் மாண்டவனுக்கு நடுகல். தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-ஆம் வருஷம் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் தமிழ்-பிராமி எழுத்துப் பொறித்த நடுகற்களைக் கண்டுபிடித்தார்கள். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று அவற்றைக் கருதுகிறார்கள். அவற்றில் ஒன்றிலே கூடலூரில் நடந்த 'ஆகோள்' குறிக்கப்பட்டிருக்கிறது. ஆ என்றால் பசு. கோள் என்றால் கொள்ளுதல். தொல்காப்பியத்தில் இலக்கணமாக வரும் சொல் கல்லிலே சரித்திரமாக நிற்கிறது. மாடு போன ஊரார் அதை ஆகோள் என்றார்களா, கொள்ளை என்று வயிறெரிந்தார்களா என்பதைக் கல் சொல்லவில்லை. கல் நட்டவர்களின் சொல்லே கல்லில் இருக்கும்.

இங்கேதான் அந்நியர் சங்கதி வருகிறது. ஆங்கிலத்தில் 'லூட்' என்று ஒரு சொல் இருக்கிறது. அது இந்துஸ்தானியிலிருந்து பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்குப் போனது. நம் வீட்டுக் குழந்தைகள் அடிக்கும் லூட்டியும் அதற்குத் தாயாதி முறை என்றே தோன்றுகிறது. 'தக்', 'டகாயிட்' என்னும் சொற்களும் இந்த நாட்டிலிருந்து கப்பல் ஏறியவையே. கொள்ளைக்கு அவர்களிடம் சொல் இல்லாமலா இருந்தது? இருந்தும், போன இடத்தில் கண்ணில் பட்டதையெல்லாம் மூட்டை கட்டும்போது சொல்லையும் சேர்த்துக் கட்டிவிட்டார்கள்.

ஆனால் தாங்களே கொள்ளையடித்தபோது அந்தச் சொல்லைக் கணக்கில் எழுதவில்லை. 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. திப்பு சுல்தானின் பொக்கிஷம் பட்டாளத்துக்குப் பதவி வாரியாகப் பங்கிடப்பட்டது. சிங்காதனமே அந்தப் பங்கீட்டுக்காகத் துண்டாடப்பட்டது. இதைக் கவனிக்கத் தனி அதிகாரிகள்கூட நியமிக்கப்பட்டிருந்தார்கள். அந்தப் பணத்திற்கு அவர்கள் வைத்த பெயர் 'பிரைஸ்'. பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவில் முதல் மார்க்கு வாங்கிய பையனுக்குக் கொடுக்கிறோமே, அதே சொல்தான். வெள்ளைக்காரச் சிப்பாய் ஒருவனைக் கவ்வி உறுமுவதுபோல் செய்த திப்புவின் மரப்புலி இன்றும் லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் காட்சிசாலையில் இருக்கிறது.

இப்படிப் பங்கு போட்டவர்களின் ராஜ்யத்தில், கடற்கரையில் விளைந்த உப்பை அள்ளுவது குற்றமாயிற்று. 1930-ஆம் வருஷம் ஏப்ரல் 13-ந் தேதி ராஜாஜியின் தலைமையில் திருச்சியிலிருந்து தொண்டர்கள் புறப்பட்டு, மாத முடிவில் வேதாரண்யத்தில் உப்பு அள்ளியபோது, சர்க்காரின் கண்ணில் அது கள்ள உப்பு. எது யாருடைய பொருள் என்பதை முதலில் தீர்மானித்துக் கொள்கிறவனே, யார் திருடன் என்பதையும் தீர்மானிக்கிறான்.

இதனினும் பொல்லாத காரியம் ஒன்று உண்டு. 1871-ல் குற்றப் பரம்பரைச் சட்டம் என்று ஒன்று செய்தார்கள். 1911-ல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒரு பொருளும் எடுக்காதவனை, எடுக்கும் எண்ணமே இல்லாதவனை, அவன் பிறந்த குலத்தைப் பார்த்தே திருடன் என்று பதிவேட்டில் எழுதிக் கைரேகை வாங்கும் சட்டம் அது. ராத்திரியில் தன் வீட்டில் தூங்கும் உரிமைகூட இல்லாமல் போலீஸ் நிலையத்தில் போய்ப் படுத்தவர்கள் எத்தனையோ பேர். மதுரை ஜில்லாவில் பெருங்காமநல்லூர் ஜனங்கள் கைரேகை வைக்க மறுத்தார்கள். 1920 ஏப்ரல் 3-ந் தேதி போலீஸார் துப்பாக்கியால் சுட்டு அவர்களில் பதினைந்து பேருக்கு மேல் மாண்டார்கள். சென்னை மாகாணத்தில் அச்சட்டம் 1947-லேதான் ஒழிந்தது. தேச முழுவதிலும் ஒழிவதற்கு 1952 ஆயிற்று. பதிவேட்டில் 'திருடன்' என்ற சொல்லை எழுத நாம் தயங்கியதற்கு இந்த ஞாபகமும் ஒரு காரணம்.

நிற்க. சட்டம் இந்தச் சொற்களை எப்படிப் பிரிக்கிறது என்று பார்ப்போம். மெக்காலே துரை தலைமையில் 1837-ல் நகல் தயாராகி, 1860-ல் நிறைவேறி, 1862 ஜனவரி முதல் தேதி அமலுக்கு வந்தது இந்தியத் தண்டனைச் சட்டம். 2024 ஜூலை முதல் தேதியிலிருந்து அதனிடத்தைப் பாரதிய நியாய சம்ஹிதை பிடித்துக்கொண்டது. எண்கள் மாறினவேயன்றி, திருட்டுக்குச் சொன்ன இலக்கணம் மாறவில்லை. அசையும் பொருளை, ஒருவர் வசத்திலிருந்து, அவர் சம்மதமின்றி, நாணயமற்ற எண்ணத்துடன், நகர்த்துவது திருட்டு. நகர்த்துவது என்பதே உயிர்நிலை. பொக்கிஷப் பெட்டி சுமந்து வரும் எருதை ஒருவன் தன் பக்கம் ஓட்டுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள்; எருது ஓர் அடி எடுத்து வைத்ததும் பெட்டி திருட்டுப் போய்விட்டதாக அர்த்தம். மரம் நிற்கிறவரையில் திருட்டில்லை. வெட்டி மண்ணிலிருந்து பிரித்தவுடன் திருட்டு. இவையெல்லாம் சட்டப் புத்தகத்திலேயே உள்ள உதாரணங்கள். சட்டம் எழுதியவர்களுக்குள் ஒரு கதாசிரியர் ஒளிந்திருந்தார் என்பதில் சந்தேகமில்லை.

இந்த இலக்கணப்படி நிலத்தைத் திருட முடியாது. அது நகராது. ஆகவே அண்டை வயலில் இரண்டு முழம் உழுது தன்னுடையதாக்கிக் கொண்டவன் திருடன் ஆகமாட்டான். அவனுக்கு ஆக்கிரமிப்பாளன், அபகரித்தவன் என்று கம்பீரமான பெயர்கள் காத்திருக்கின்றன. தோப்பிலே நாலு தேங்காய் எடுத்தவன் திருடன். தோப்பையே எடுத்தவன் ஆக்கிரமிப்பாளன். பொருள் பெரிதாக ஆகச் சொல்லும் சம்ஸ்கிருதமாகிக்கொண்டே போவதை நேயர்கள் கவனிக்க வேண்டும்.

ஐந்து பேரோ அதற்கு மேலோ கூடிப் பறித்தால்தான் சட்டத்தில் அது கூட்டுக்கொள்ளை. நாலு பேர் கூடினால் வெறும் கொள்ளை. ஏமாற்றிப் பொருள் பெறுவதற்கு இருந்த 420-ஆம் பிரிவு பட்டி தொட்டியெல்லாம் வசவுச் சொல்லாகிவிட்டது. இப்போது அந்தக் குற்றம் 318-ஆம் பிரிவுக்குக் குடிபோய்விட்டது. ஆனாலும் யாரும் யாரையும் '318' என்று திட்டக் காணோம்.

நம் பையன் விஷயம் இதில் எங்கே அடங்கும்? அவன் சொன்ன பதில் சாமானியமானதல்ல. பணம் அவன் வசமே இருந்தது. பிறர் வசத்திலிருந்து அவன் எடுக்கவில்லை. ஆகவே சட்டப்படி அது திருட்டில்லை. நம்பி ஒப்படைத்த பொருளைத் தன் காரியத்துக்குப் பயன்படுத்தினான், நம்பிக்கை மோசடி. தமிழில் கையாடல். கேட்பதற்குத் திருட்டைவிடக் கையாடல் மிருதுவான சொல்லாக இருக்கிறது. ஏதோ கை தவறி ஆடிவிட்டது போல. ஆனால் சட்டத்தின் தராசு வேறு. சாதாரணத் திருட்டுக்கு மூன்று வருஷம் வரையில் சிறை. சர்க்கார் உத்தியோகஸ்தர் தம்மை நம்பி ஒப்படைத்ததைக் கையாடினால் பத்து வருஷம் வரையிலும், ஆயுள் முழுவதுங்கூடப் போகலாம். உத்திரமேரூர்ச் சபையாரும் இந்த அபிப்பிராயமே கொண்டிருந்தார்கள். பராந்தக சோழன் காலத்தில், 921-ஆம் ஆண்டில், அங்கே வெட்டிய கல்வெட்டிலே, குடவோலையில் பெயர் எழுதத் தகாதவர்களின் ஜாபிதா இருக்கிறது. பிறர் பொருளை அபகரித்தவருக்கு இடமில்லை. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவருக்கும் இடமில்லை. அவருடைய நெருங்கிய பந்துக்களுக்கும் இல்லை! திருடினார் என்று ரூபிக்க வேண்டியதில்லை. கணக்குக் காட்டவில்லை என்பதே போதும்.

பெரிய கைகள் செய்யும் காரியத்துக்கு ஜனங்கள் வைத்திருக்கும் சொற்களையும் பார்க்க வேண்டும். அவை பெரும்பாலும் சமையலறையிலிருந்து வந்தவை. விழுங்கினான், வாயில் போட்டுக்கொண்டான், ஸ்வாஹா செய்தான், ஏப்பம் விட்டான். கபளீகரம் என்று வக்கீல்கள் கம்பீரமாகச் சொல்வதும் இதே இனந்தான். வடமொழியில் கபளம் என்றால் நாம் உருட்டி வாயில் போடும் கவளம். கபளீகரம் என்றால் கவளமாக்குதல். சின்னத் திருடன் 'அடித்துக்கொண்டு' போகிறான், 'சுருட்டுகிறான்', 'அபேஸ்' செய்கிறான், 'கம்பி நீட்டுகிறான்'. அவன் ஓடுகிறவன். பெரியவனோ இலை போட்டு உட்கார்ந்து சாப்பிடுகிறான். ஓடினவனைத் துரத்தலாம், பொருளையும் மீட்கலாம். சாப்பிட்டதை எப்படி மீட்பது? சிவன் சொத்துக் குலநாசம் என்ற பழமொழியை நம் முன்னோர் இந்தச் சாப்பாட்டுக்காரர்களுக்காகவே கண்டுபிடித்திருக்க வேண்டும். அஜீர்ணத்துக்கு அவர்கள் அறிந்த மருந்து அது.

எடுப்பதற்கு இத்தனை சொற்கள் இருக்க, கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் நிறுத்திக்கொள்வதற்கு என்ன சொல் இருக்கிறது? அகராதியில் இங்கேதான் நாம் திக்குமுக்காடினோம். கைமாற்று வாங்கினவர் மறந்துவிடுகிறார். இரவல் வாங்கிய குடை மழைக்காலம் முடிந்தும் வருவதில்லை. நம்மிடமிருந்து ஒரு நண்பர் வாங்கிப்போன பரிமேலழகர் உரை பதினொரு வருஷமாக அவர் வீட்டு அலமாரியை அலங்கரிக்கிறது; போகும்போதெல்லாம் நமக்கு அதை எடுத்துக் காட்டி, "என்ன அருமையான பதிப்பு!" என்கிறார். சட்டப் புத்தகத்தில் இதற்கும் ஓர் உதாரணம் உண்டு. சிநேகிதன் வீட்டுப் புத்தகத்தைப் படித்துவிட்டுத் தரலாம் என்று, அவன் சம்மதம் இருக்கும் என்று நம்பி எடுத்துப்போனால் திருட்டில்லை. படித்து முடிப்பதற்கு எத்தனை வருஷம் என்று சட்டம் சொல்லவில்லை. பரிமேலழகரும் நமக்கு உதவிக்கு வரமாட்டார். திருக்குறளில் பிறர் பொருளை விரும்பாமையைச் சொல்லும் வெஃகாமை பதினெட்டாம் அதிகாரம், இல்லறத்தில் இருக்கிறது. கள்ளாமையோ இருபத்தொன்பதாவது, துறவறத்தில். துறவியிடம் போய் ஏன் திருடாதே என்று சொல்ல வேண்டும்? இல்லறத்தார் தமக்கு வேண்டியவர்களிடம் விளையாட்டாக வஞ்சித்துச் சிறு பொருள் கொண்டாலும் அமையும். துறந்தவர் நினைத்தாலே இழுக்கு என்று உரைகாரர் காரணம் காட்டுகிறார். நண்பர் நம் புத்தகத்தைத் திருப்பித் தராததற்கு அந்தப் புத்தகத்திலேயே நியாயம் படித்துவிட்டார் என்று நினைக்கிறோம்.

குடையும் புத்தகமும் போகட்டும். உழைத்தவனுடைய கூலியை நிறுத்தி வைப்பதற்குப் பெயர் என்ன? பாக்கி. அரபியிலிருந்து வந்த சொல். மிச்சம் என்று பொருள். இதில் குற்றத்தின் வாடை துளியும் கிடையாது. கூலிக்காரன் முதலாளியின் களத்திலிருந்து ஒரு படி நெல் முடிந்து கொண்டு போனால் திருட்டு. முதலாளி அவனுடைய பத்துப் படி நெல்லை ஆறு மாதம் நிறுத்தி வைத்தால் பாக்கி. 1936-ஆம் வருஷத்துச் சம்பளப் பட்டுவாடாச் சட்டம், ஆலைகளில் மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் ஏழாந் தேதிக்குள்ளோ, ஆயிரம் பேருக்குக் குறையாத பெரிய ஆலைகளில் பத்தாந் தேதிக்குள்ளோ கொடுத்துவிட வேண்டுமென்று விதித்தது. அப்படிக் கொடுக்காதவரை அந்தச் சட்டமும் தாமதம் செய்தவர் என்றுதான் சொல்லிற்றே தவிர, திருடர் என்று சொல்லவில்லை. தமிழில் இத்தனை நிகண்டுகள் செய்தவர்களுள் ஒருவராவது கூலிக்குக் காத்து நின்றவராக இருந்திருந்தால், நமக்கு ஒரு சொல் கிடைத்திருக்கும்.

இதையெல்லாம் யோசித்துவிட்டு மறுநாள் பதிவேட்டை எடுத்துக்கொண்டு போனோம். பையனைத் தனியாக அழைத்துக் கேட்டதில், அறுபது ரூபாயும் அவனுடைய தங்கையின் கண்ணாடிக்குச் சட்டம் மாற்றியதில் செலவாகியிருந்தது. தகப்பனார் கட்டட வேலை செய்கிறவர். மேஸ்திரியிடம் இரண்டு வாரக் கூலி நிற்கிறதாம்.

"அப்பாவுக்குப் பணம் வந்ததும் வைத்துவிடுகிறேன், சார்" என்றான்.

பதிவேட்டில் நாம் எழுதியது இதுதான்: 'தோட்டப் பணத்தில் 60 ரூபாய் எடுத்துச் செலவு செய்தான். கேட்டபோது ஒப்புக்கொண்டான். திரும்ப வைப்பதாகச் சொன்னான்.'

தலைமை ஆசிரியர் படித்துப் பார்த்தார். "குற்றத்தின் பெயரைக் காணோமே, ஐயா?" என்றார்.

"எல்லாம் வினைச்சொல்லாக எழுதிவிட்டேன். நடந்தது இவ்வளவுதான்" என்றோம்.

அவர் சற்று நேரம் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக நம்மைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். செடிகள் வந்து நட்டாயிற்று. குறைந்த பணத்தை நாம் கைமாற்றாகக் கொடுத்திருக்கிறோம். சென்ற திங்கட்கிழமை பையன் 55 ரூபாய் கொண்டுவந்து மேஜை மேல் எண்ணி வைத்தான். மேஸ்திரி முழுக் கூலியும் கொடுக்கவில்லையாம். ஐந்து ரூபாய் பாக்கி.